அந்தப் படத்தை அழிக்கச் சொல்வதற்கு முன்

கேள்வி:

வக்கீலம்மாவுக்கு வணக்கம். நாங்கள் பாம்பன் பக்கம். என் மகனுக்கு 23 வயது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், விடியக்காலையில் அவன் போன போட்டு கரை வந்தது. இறாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். எட்டு மணி வாக்கில் வனத்துறைக்காரர்கள் வந்து, விசாரிக்கணும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் நாள் ராத்திரி 11 மணிக்குத் தோப்புக் கொட்டகையில் அவித்த கடல் அட்டை மூட்டைகளோடு பிடித்ததாக எழுதிவிட்டார்கள். எழுதின தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். ராத்திரி அவன் வீட்டில்தான் இருந்தான், நானே சோறு போட்டேன்.

மூட்டைகளுக்குப் பின்னால் நாலு பேரையும் நிறுத்திப் படம் எடுத்தது அன்று மத்தியானமே எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்தது. ஒரு யூடியூப் சேனலில் என் மகன் முகத்தில் சிவப்பு வட்டம் போட்டு ‘கடத்தல் கும்பலின் தலைவன்’ என்று சொன்னார்கள். படத்தில் கடைசியாக நிற்பவன் எதிர்வீட்டுப் பையன், பிளஸ் டூ படிக்கிறான். என் மகன் 18 நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். தினமும் காலையில் போய்க் கையெழுத்துப் போடுகிறான். போட்டு முதலாளி, கேஸ் முடியட்டும் என்கிறார். மகளுக்குப் பேசின சம்பந்தம் நின்றுபோனது. இப்போது அந்தச் சேனல்காரரே வந்து, ‘உங்க பக்கத்தைச் சொல்லுங்க, போடுறேன்’ என்கிறார். மூட்டை யாருடையது என்று ஊருக்கே தெரியும் (பெயர் நீக்கப்பட்டது). அதைக் கேமராவில் சொல்லிவிடலாமா? என் பிள்ளை குற்றம் செய்யவில்லை என்று நான் எப்படி நிரூபிப்பது? அந்தப் படத்தை எடுக்க வைக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் எழுதியிருந்த அந்தப் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கடிதத்தை அச்சுக்குக் கொடுத்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி வேறு சில விவரங்களையும் உங்களைக் கேட்டு மாற்றியிருக்கிறேன். மாற்றாத கடிதத்தை உங்கள் வக்கீலிடம் மட்டும் கொடுங்கள்.

அடுத்துச் சொல்வது கொஞ்சம் உறைக்கும். உங்கள் மகன் இதைச் செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவரை நான் பார்த்ததில்லை. நீங்கள் பெற்றவர், உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள்; சரி. ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டிய கட்டாயமே இல்லை என்பதில்தான் சட்டத்தின் இந்த ஏற்பாடு நிற்கிறது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரைக் குற்றமற்றவராகக் கொள்ள வேண்டும் என்றால், எல்லோரும் அவரை நல்லவர் என்று நம்ப வேண்டும் என்று பொருளில்லை. நம்பாதவர்களும் சந்தேகப்படுகிறவர்களும் கூட, சாட்சியைப் பார்க்கும்வரை அவரைத் தண்டிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஊரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இவ்வளவுதான். ‘என் பிள்ளை தங்கம்’ என்று சொன்னால் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசுவார்கள். ‘கோர்ட்டில் இருக்கிறது, அதுவரை பொறுங்கள்’ என்றால் பேச்சை வளர்க்க அதில் இடம் குறைவு.

‘எப்படி நிரூபிப்பது’ என்று கேட்டிருக்கிறீர்கள். நிரூபிக்க வேண்டியவர் நீங்கள் இல்லை. குற்றம் சாட்டியவர்தான் நிரூபிக்க வேண்டும். அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல். உங்கள் மகன் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. அரசமைப்பின் 20-ஆவது பிரிவு அது.

இத்தோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையைச் சொன்ன பாவம் என்னைச் சேரும். கடல் அட்டை 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அக்கரையில், இலங்கையில், உரிமம் வாங்கி அதே அட்டையை வளர்த்து விற்கிறார்கள். இக்கரையில் ஒன்றைக் காயவைத்தால் வழக்கு. நடுவில் இருக்கிற இந்தக் குறுகிய கடல்தான் நம் பக்கத்தில் இத்தனை பேரைக் கோர்ட் படியேற்றியிருக்கிறது. அந்தச் சட்டத்தில் 57-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பாதுகாக்கப்பட்ட உயிரினமோ அதன் பொருளோ ஒருவர் கைவசம் இருந்தது என்று காட்டிவிட்டால், அது சட்டவிரோதமாக இருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர் தலைக்கு மாறிவிடும். போதைப்பொருள் சட்டத்திலும் இதேபோன்ற பிரிவுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி 2008-இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: பாரம் மாறுவதற்கு முன்னால், பொருள் இவரிடம்தான் இருந்தது என்ற அடிப்படையை அரசுத் தரப்பு நிலைநாட்டியாக வேண்டும்.

ஆக உங்கள் மகன் வழக்கு முழுக்க ஒரே ஒரு கேள்வியில் தொங்குகிறது. ராத்திரி 11 மணிக்கு அந்தக் கொட்டகையில், அந்த மூட்டைகள் அவர் வசம் இருந்தனவா? அட்டை எத்தனை கிலோ, யாருக்குப் போக இருந்தது, கோடியா லட்சமா என்று வீடியோவில் வந்த எதுவும் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒரு தடவை படியுங்கள். விடியக்காலையில் போட்டு கரை வந்தது என்று தொடக்கத்தில் இருக்கிறது. அப்படியென்றால் ராத்திரி அவர் கடலில். கொஞ்சம் தள்ளி, ராத்திரி வீட்டில் இருந்தான், நானே சோறு போட்டேன் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே ராத்திரியாக இருக்க முடியாது. நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. வேறொரு ராத்திரியை இதோடு சேர்த்து நினைத்திருப்பீர்கள். அல்லது பதற்றத்தில், பிள்ளையை என் கண் முன்னால் வைத்திருந்தேன் என்று சொல்ல மனம் ஆசைப்பட்டிருக்கும். எனக்கு நிதானமாக உட்கார்ந்து எழுதிய கடிதத்திலேயே இப்படி வந்திருக்கிறதென்றால், மைக்கை நீட்டியதும் என்ன வரும்?

அதனால் சேனல்காரருக்குப் பேட்டி கொடுக்காதீர்கள். அவர் நல்ல மனசோடு கேட்கலாம். அதைப் பற்றி என் யோசனை இல்லை. நீங்கள் கேமராவில் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் உங்கள் மகனின் எதிர்வாதமாகப் பதிவாகிவிடும். நாளைக்கு நீங்களோ வேறு யாரோ அவருக்காகக் கூண்டேறினால், அரசு வக்கீல் அந்த வீடியோவை ஓடவிட்டு ‘அன்றைக்கு வீட்டில் என்றீர்கள், இன்றைக்குக் கடலில் என்கிறீர்கள்’ என்பார். நல்ல சாட்சியும் அதோடு சாய்ந்துவிடும். ‘வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, வக்கீல் பேச வேண்டாம் என்றிருக்கிறார்’ என்று சொல்லி அனுப்புங்கள். பழியை என்மேல் போடலாம், எனக்குப் பழக்கம்தான்.

போட்டு கடலில் இருந்ததுதான் உண்மை என்றால் அதைவிட நல்ல செய்தி வேறில்லை. விசைப்படகு கிளம்பும் முன் மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கியாக வேண்டும். என்றைக்கு, எந்தப் போட்டு போனது என்பதற்கு அது அரசாங்கமே வைத்திருக்கும் கணக்கு. கரை வந்ததும் இறாலைப் போட்டீர்களே, அந்தக் கம்பெனியின் எடைச்சீட்டில் தேதி இருக்கும். ஆனால் இவை படகு எங்கே இருந்தது என்பதற்குத்தான் சாட்சி. உங்கள் மகன் அந்தப் படகில் இருந்தார் என்பதற்கு வேறு வேண்டும். நான் அங்கே இல்லை, வேறிடத்தில் இருந்தேன் என்று சொன்னால் அந்த ஒன்றை மட்டும் சொல்பவர்தான் காட்ட வேண்டும். இதில் சட்டம் தயவு காட்டாது. முதலாளியோ டிரைவரோ எழுதிவைக்கும் பங்குக் கணக்கு நோட்டு இருக்குமே, அந்த நடைக்கு யார் யாருக்கு எவ்வளவு பிரித்தது என்று? அதில் உங்கள் மகன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த நோட்டு இருப்பதோ, கேஸ் முடியட்டும் என்று கதவைச் சாத்திய அதே முதலாளியிடம். அவர்மேல் உங்களுக்கு வருத்தம் இருக்கும். அவர் பக்கமும் பயம் உண்டு: போட்டைப் பறிமுதல் செய்துவிட்டால் அவர் குடும்பமும் தெருவுக்கு வந்துவிடும். அவரோடு சண்டை வேண்டாம். வேலை கேட்டுப் போகாமல், நோட்டின் அந்த ஒரு பக்கத்தைப் பார்க்கக் கேட்டுப் போங்கள். தர மறுத்தால், ஆவணத்தை வரவழைக்க நீதிமன்றத்தில் மனுப் போட வழி இருக்கிறது. ஆனால் சம்மன் போட்டு இழுத்த சாட்சி மனசார வரும் சாட்சி போல் இருப்பதில்லை.

கையெழுத்து வாங்கிய தாளைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கவலை. போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது சரிதான். போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுப்பதும் அப்படியே என்று 2020-இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வன அதிகாரியைப் போலீஸ் அதிகாரியாக நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, சட்டம் சொல்லும் முறைப்படி பதிவு செய்தது என்றால் அது வழக்கில் உள்ளே வரலாம். எந்த நிலை அதிகாரி எழுதியது, படித்துக் காட்டினார்களா, மிரட்டல் இருந்ததா என்பதையெல்லாம் உங்கள் மகனிடம் வக்கீல் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். மனமொப்பிக் கொடுத்ததில்லை என்றால், அதை மறுத்து நடுவர் முன் எழுத்துமூலம் மனுக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு மாதம் போய்விட்டது. விசாரணை தொடங்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், ‘இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய்’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

இனி படம்.

நீங்கள் அனுப்பிய பிரதியை மேசையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். முன்னால் ஆறு மூட்டை, ஒன்றின் வாய் பிரித்து உள்ளே இருப்பது தெரியும்படி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் எடைத் தராசு. பின்னால் நாலு பேர், யார் காலிலும் செருப்பில்லை. இரண்டு ஓரத்திலும் சீருடை. உங்கள் மகன் இடமிருந்து இரண்டாவது. நீங்கள் சொல்லாவிட்டாலும் வட்டம் சொல்லிவிடுகிறது. அவர் வலது கையைக் கவனித்தீர்களா? ஆள்காட்டி விரலில் பச்சை நைலான் நூல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறது. வலை பொத்துகிறவர் எழுந்துபோகும்போது நூலை அறுக்காமல் விரலில் சுற்றிக்கொள்வது போல. இது தீர்ப்பை மாற்றும் சாட்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி 11 மணிக்கு, விளக்கில்லாத கொட்டகையில் அட்டை அவித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படுகிறவர் விரலில் வலை நூல் எதற்கு என்று குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வி கேட்க இது போதும். பறிமுதல் செய்தபோது எழுதும் மகஜரில் இருக்கும் நேரத்தோடு இடிக்கும் கேள்வி அது.

அதனால்தான் சொல்கிறேன், படத்தை அழிக்கச் சொல்லி ஓடாதீர்கள். முதலில் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை, வந்த தேதியும் நேரமும் தெரியும்படி வைத்திருங்கள். போனை மாற்றவோ துடைக்கவோ வேண்டாம். யூடியூப் வீடியோவின் இணைப்பு முகவரி, தலைப்பு, ஏற்றிய தேதி, கீழே எழுதியிருக்கும் விவரம் எல்லாவற்றையும் குறித்து, வீடியோவையும் இறக்கி வையுங்கள். மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் ஏற வேண்டுமானால் பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவின்படி சான்று இணைக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-தான், இப்போது அதில் நிபுணர் நிரப்ப வேண்டிய பகுதியும் சேர்ந்திருக்கிறது. அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். கூடவே, பறிமுதல் செய்ததை வீடியோ எடுத்தார்களா என்று கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸ் சோதனையையும் பறிமுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. வனத்துறைக்கும் அது பொருந்துமா என்று வாதாடலாம். மத்தியானம் படம் எடுக்கக் கைவசம் போன் இருந்தவர்களுக்கு ராத்திரி இல்லாமல் போனது எப்படி என்றும் கேட்கலாம்.

இந்தப் படம் எடுத்ததே தவறு என்பது வேறு சங்கதி. கைதானவர்களை ஊடகத்தின் முன் நிறுத்திக் காட்டக் கூடாது என்று மத்திய உள்துறை 2010-இலேயே மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பியிருக்கிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், போலீஸ் ஊடகத்துக்குச் செய்தி கொடுப்பதற்கு முறையான வழிகாட்டி தயாரிக்கும்படி அதே உள்துறைக்கு உத்தரவிட்டது; அரைகுறையாக வெளியே விடும் செய்தி ஊடக விசாரணைக்குத் தீனி போடுகிறது என்பதுதான் கவலை. உத்தரவுகள் டெல்லியிலிருந்து புறப்பட்டு பாம்பன் பக்கத்து மண்டபம் வந்து சேர்வதற்குள் மூட்டைக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் நின்றிருப்பார்களோ.

உள்ளூர் நிருபர்களை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அதிகாரி தரப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் நாலு வரியும் ஒரு படமும் வரும். பத்து நிமிஷத்தில் போடாவிட்டால் பக்கத்துக் குரூப்பில் வந்துவிடும். யாரைக் கேட்பது? கைதானவர் வேனில் இருப்பார், வீட்டுக்காரர்கள் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டிருப்பார்கள். அப்படியே போட்டுவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது ‘கையும் களவுமாக’ என்ற வார்த்தையில்தான். நடுவர் மூன்று வருஷம் சாட்சி கேட்டு எழுத வேண்டியதை அந்த இரண்டு சொல் ஒரு நொடியில் எழுதிவிடுகிறது.

ஏன் கோபம் என்றால் நானும் அதில் விழுந்தவள். ஜூனியராக இருந்த காலம். பத்திரிகைத் துண்டோடு ஒருவர் மனைவி வந்தார். பேப்பரில் காலையிலேயே படித்துவிட்டேன். மறுநாள் மனுப் போட்டு ஜெயிலில் அந்தக் கணவரைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, ‘மொத்தம் எத்தனை கிலோ?’ என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவர் பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார். நான்கு வருஷம் கழித்து விடுதலையானார். பேப்பரில் ஒரு வரி வரவில்லை. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை லேமினேட் செய்து, மீன் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தார். சோதனைக்கு யார் நிறுத்தினாலும் எடுத்துக் காட்டுவார். ஒரு தடவை எனக்கும் காட்டினார், வேண்டுமென்றே.

இப்போது அவதூறு வழக்கைப் பார்ப்போம். கைது நடந்தது உண்மை. கைதானார் என்று போட்டதற்காக யார்மேலும் வழக்குப் போட முடியாது. ‘கும்பலின் தலைவன்’ என்பது? அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். துறையின் செய்திக்குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குறிப்பில் நாலு பேர் கைது என்று மட்டும் இருந்து, ‘தலைவன்’ சேனல்காரரின் சொந்தச் சரக்கு என்றால் அவர்மேல் வழக்கு நிற்கும். குறிப்பிலேயே இருந்தால் புகார் போக வேண்டிய இடம் மேலதிகாரியும் மாநில மனித உரிமை ஆணையமும். ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

இங்கே பலர் இடறும் ஒரு குழி இருக்கிறது. ‘முதலில் விடுதலை ஆகட்டும், அப்புறம் அவர்களைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று இருந்துவிடுவார்கள். எழுத்திலோ ஒளிபரப்பிலோ வந்த அவதூறுக்கு நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கின் காலவரம்பு, வெளியான நாளிலிருந்து ஒரே வருஷம். குற்றவியல் புகாருக்கு மூன்று வருஷம். உங்கள் மகன் வழக்கு ஒரு வருஷத்தில் முடியாது. அதனால் வக்கீல் நோட்டீஸ் இப்போதே போகட்டும். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று பத்தாவது மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள். நாளிதழில் வந்திருந்தால் முதலில் ஆசிரியருக்கு மறுப்பு எழுதிவிட்டு, இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம். கண்டிக்கத்தான் அதற்கு அதிகாரம் உண்டு, பணம் வாங்கித் தர முடியாது. யூடியூப் அதன் எல்லையில் வராது.

பெரிய நஷ்டஈடு வரும் என்று மட்டும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன், நம் நாகர்கோவில்காரர். 1994-இல் உளவு பார்த்ததாகக் கைது. பத்திரிகைகள் அவரைத் துரோகி ஆக்கின. 1996-இல் குற்றச்சாட்டில் ஆதாரமில்லை என்று சிபிஐ அறிக்கை கொடுத்தது. 50 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018-இல். 24 வருஷம். அவருக்கே அவ்வளவு.

படத்தை இறக்க வைக்க இதைவிடச் சீக்கிரமான ஒரு வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. கடைசியில் நிற்கும் எதிர்வீட்டுப் பையன். பிளஸ் டூ என்றால் 18 முடியாமல் இருக்கலாம். பிறப்புச் சான்றையோ பள்ளிச் சான்றையோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 18 முடியவில்லை என்றால், அவனைப் பெரியவர்களோடு நிறுத்தியதே தவறு. இளைஞர் நீதிக் குழுமத்திடம் போயிருக்க வேண்டிய பையன். அவன் முகமோ பெயரோ பள்ளியோ தெரியும்படி எந்த ஊடகத்தில் வெளியிட்டாலும் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி அது குற்றம்; ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். இந்தப் பிரிவைச் சொல்லி அவன் பெற்றோர் பெயரில் ஒரு நோட்டீஸ் போனால் வீடியோவை வைத்திருக்க எவரும் யோசிப்பார்கள். அவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நாலு பிள்ளைகளின் வீட்டாரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு தனித்தனியாக இருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் நோட்டீஸ் எல்லாம் படத்தைப் பத்திரப்படுத்திய பிறகுதான். வரிசை மாறிவிடக் கூடாது.

நாளைக்கு விடுதலையே ஆனாலும் இணையத்திலிருந்து பெயர் தானாகப் போய்விடாது. விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கும்படி உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை 2024-இல் உத்தரவிட்டது. அதே வருஷம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்துவிட்டது. இதில் இப்போதைக்கு உறுதி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அடித்த பெயருக்கு வருகிறேன். மூட்டை அவருடையது என்று ஊருக்கே தெரியும் என்கிறீர்கள். நீங்கள் பார்த்தீர்களா அம்மா? பார்த்தவர் யாராவது உங்களிடம் சொன்னாரா, இல்லை சொன்னதைக் கேட்டவர் சொன்னாரா? உங்கள் மகனைப் பற்றியும் இப்போது ‘ஊருக்கே தெரியும்’. அந்த ஊரும் இந்த ஊரும் ஒன்றுதான். நீங்கள் கேமரா முன்னால் அந்தப் பெயரைச் சொன்னால் மறுநாள் அந்தப் பெயருக்குரியவர் முகத்தில் ஒரு சிவப்பு வட்டம் விழும், அவர் அம்மா எனக்கு ஒரு கடிதம் எழுதுவார். அவதூறு வழக்கு உங்கள்மேல் வரும் என்பது அதற்கப்புறம். கண்ணால் கண்ட ஏதாவது இருந்தால் வக்கீலிடம் சொல்லுங்கள். எதிர்வாதத்தில் எங்கே, எப்படி வைப்பது என்று அவர் பார்ப்பார். உங்கள் மகனை விடுவிக்க வேறொருவரைக் காட்டிக் கொடுத்தாக வேண்டியதில்லை. இவரிடம் மூட்டை இருந்தது என்று அவர்கள் காட்டத் தவறினாலே போதும்.

மகள் சம்பந்தத்துக்கு என்னிடம் சட்டப்பிரிவு கிடையாது. ஊர்த் தலைவர்களில் உங்களை மதிக்கிற ஒருவரிடம் ஜாமீன் உத்தரவின் நகலைக் கொடுத்து வையுங்கள். கேட்கிறவர்களுக்கு அவர் சொல்லட்டும், நீங்கள் வாசல் வாசலாகச் சொல்ல வேண்டாம். செலவுக்கு முடியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். உங்கள் பெயரில் கேட்பதற்கு, பெண் என்ற முறையில் வருமானக் கணக்கே கேட்க மாட்டார்கள். 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. தினமும் காலையில் கையெழுத்து என்றால், முதலாளியே கூப்பிட்டாலும் உங்கள் மகன் போட்டில் போக முடியாது. கிளம்பினால் மறுநாள்தானே கரை. ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தி வாரம் ஒரு நாளாக மாற்றக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். இத்தனை நாள் தவறாமல் கையெழுத்துப் போட்டிருப்பதை அதில் எழுதட்டும். விசைப்படகுக்கு வாரத்தில் எந்தெந்த நாள் டோக்கன் என்பதையும் எழுதட்டும். வெளியூரிலிருந்து வந்த நடுவராக இருந்தால் அவருக்கு நம் போட்டு நாள் கணக்குத் தெரிந்திருக்காது. இந்த வாரமே போட வேண்டும். ஏப்ரல் 15 வந்துவிட்டால் தடைக்காலம், 61 நாளைக்கு ஒரு போட்டும் போகாது. அதற்குள் நாலு நடையாவது அவர் போய் வரட்டும்.